உடும்பும் எதிர் வெயிலும்

மனைவி போய் இருபது நாள் ஆகியிருந்தது. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் காலையில் எழுந்து ரிட்ஜ் காட்டுக்குள் நடப்பேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். வெயிலில் தோலுரிந்த மூக்கு, கழுத்தில் பழைய ஃபிலிம் கேமரா. பேசும்போதுகூட இடது கண்ணை மூடியே வைத்திருப்பார்.

என் நெற்றியில் விபூதியைப் பார்த்துவிட்டு, "தமிழா சார்? இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைக் கையில் கொடுத்தார். பாறைமேல் ஓர் உடும்பு படுத்திருந்தது. அதற்குப் பின்னால் சூரியன் கண்ணைக் கூசவைத்தது.

"எதிர் வெயில்ல எடுத்தா கறுப்பாத்தானே விழும்?" என்றேன்.

"அதுக்குத்தான் அட்டை. வெளிச்சம் பட்டுத் திரும்பி அதோட முகத்துல விழும். அசைஞ்சீங்கன்னா ஓடிடும்."

நான் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் மெல்லிய குரலில் கேட்டார்: "எப்படி சார் இப்படி நிக்கறீங்க? மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல நெளிவாங்க."

"மனைவி தவறிட்டா. இருபது நாள் ஆச்சு. அதுலேருந்து எதுவுமே உறைக்கலை."

கேமராவின் மேலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஃபிலிம்ல இன்னும் நாலு படம் இருக்கு. நிக்கறீங்களா?"

"நிக்கறேன்" என்றேன்.

அவருக்கு இரக்கமே இல்லையா, இருந்ததால்தான் அப்படிக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னை எதுவும் செய்யவிடாமல் உட்காரவைத்தார்கள். அவர் ஒருவர்தான் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.