ஆணி கீறிய கல்

என் மனைவி முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கல் டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் அளவெடுக்கிற வேலையில் இருந்தவன். வீட்டுக்கு யாராவது வந்தால், "இவர் கரண்டு, நான் கல்லு. எப்படியோ ஓடுது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பாடத்தை முந்தின நாளே என்னிடம் ஒத்திகை பார்ப்பாள். நான் சட்டை தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் எதிரே நின்று என்னை வகுப்பாக வைத்துப் பேசுவாள். "சோடியம்னு ஒண்ணு, தண்ணியில போட்டா வெடிக்கும். குளோரின்னு ஒண்ணு, மூச்சுல போனா ஆளையே சாய்ச்சிடும். ரெண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துனா என்ன வரும்? உப்பு! தினமும் தட்டுல போட்டுக்கிறோமே, அதே உப்பு." தனிமம், கனிமம் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிற பிள்ளைகள் "ஒரு எழுத்துதானே டீச்சர், பாதி மார்க்காவது போடுங்க" என்று பேரம் பேசுவதை நடித்துக் காட்டுவாள். நாம் மிதித்து நிற்கிற பாறையின் எடையில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் என்று அவள் சொன்ன அன்று நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டேன். கருகிப்போனது.

பள்ளிக்கூடத்தில் அவளிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே இருபத்துநாலு கட்டம். ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் ஒரு கல், பக்கத்தில் பெயர்ச்சீட்டு. அந்தப் பெட்டியை அவள் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோகிறாள் என்றுதான் நினைப்பீர்கள்.

ஒரு வருஷம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர். அவர் லோடு ஏற்றப் போகிற இடத்திலிருந்தெல்லாம் ஒரு கல் எடுத்து வரச் சொல்லி, புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். "டீச்சர், இது எந்தக் கனிமம்? இதுல இரும்பு இருக்கா?" என்று மணி அடித்த பிறகும் போக மாட்டாளாம். "பையைத் தூக்க முடியாம ஒரு பக்கமா சாஞ்சு நடக்கிறா அந்தப் பொண்ணு" என்று என் மனைவி வந்து சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருக்கிற சந்தோஷம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று கனிமங்களின் கடினத்தன்மை பற்றிய பாடம். அவர் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். என் மனைவி பெஞ்சுக்கு ஒரு இரும்பு ஆணி கொடுத்தாள். நகம் கீறுகிற கல் எது, ஆணி கீறுகிற கல் எது என்று பிள்ளைகளே பார்த்து எழுத வேண்டும். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது, ஆணியையே தேய்த்துவிடும் என்று சொல்லிவைத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தாராம்.

அப்போது மூன்றாவது பெஞ்சுக்காரி எழுந்தாள்.

"டீச்சர், குவார்ட்ஸைக் கீறுது."

"அது கீறல் இல்லம்மா. ஆணியோட இரும்புக் கறை. துடைச்சா போயிடும்."

"துடைச்சுப் பார்த்தேன் டீச்சர். போகல. வெள்ளையாப் பொடி உதிருது."

"சரியாப் பாரு. உட்காரு."

"சரியாத்தான் பார்த்தேன் டீச்சர். ரெண்டு தடவை பார்த்தேன். இது குவார்ட்ஸ் இல்லன்னு நினைக்கிறேன்."

என் மனைவி அதிகாரியைப் பார்த்தாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது இதுதான்: "அப்படியா? அப்போ உன் கையில இருக்கிறது அதிசய ஆணி போல இருக்கு. பத்திரமா வச்சுக்க, நாளைக்கு வைரத்தையே கீறலாம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அந்தப் பெண் கல்லைப் பஞ்சின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது என் மனைவி சமையல் மேடை அருகே நின்றிருந்தாள். மேடையில் இரண்டு வெள்ளைக் கற்கள், ஒரு கத்தி, பாதி எலுமிச்சம்பழம். ஒரு கல்லைக் கத்தியால் சுரண்டி, உதிர்ந்த பொடியில் சாறு பிழிந்தாள். பொடி பொரிந்து நுரைத்தது. இன்னொரு கல்லைக் கத்தி ஒன்றும் செய்யவில்லை. அதை எடுத்து என் கண்ணாடித் தம்ளரில் தேய்த்தாள். தம்ளரில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

"நுரைக்கிறது கால்சைட். இதுதான் குவார்ட்ஸ்" என்றாள். "சீட்டு மாறியிருக்கு. எப்படிங்க மாறும்? லீவுக்கு முன்னாடி சரியாத்தானே இருந்துச்சு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. லீவில் அவள் கற்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்துக் காயப்போட்டிருந்தாள். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் வாரிக்கொண்டு வந்தேன். முக்கால்வாசி கற்கள் எந்தக் கட்டத்துக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. வெள்ளைக் கல் இரண்டு மட்டும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவளிடம் கேட்டிருக்கலாம். எதுவாக இருந்தால் என்ன என்று கட்டத்துக்கு ஒன்றாக வைத்து மூடிவிட்டேன்.

இதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி" என்றாள். வகுப்பில் நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நாளைக்கு கிளாஸ்ல சொல்லிடுறேன்" என்றாள்.

நான்தான் தடுத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். "ஆபீசர் இன்னும் ரெண்டு நாள் இருக்காரு. இந்த நேரத்துல போய் நான் தப்பா நடத்துனேன்னு சொல்லுவியா? அவர் போகட்டும், அப்புறம் சொல்லு. சின்னப் பொண்ணுதானே, நாலு நாள்ல மறந்துடும்" என்றேன்.

அவள் எலுமிச்சைத் தோலைக் குப்பையில் போட்டுவிட்டு மேடையைத் துடைத்தாள். "அப்புறம்னா எப்போ?" என்று கேட்டாள்.

அதிகாரி போனார். அவருடைய அறிக்கை வந்தது. கல் டீச்சரின் வகுப்பைத் தனியாகப் பாராட்டியிருந்தார். நகைச்சுவையோடு பாடம் நடத்துகிறார் என்று ஒரு வரி. மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குக் கனிமப் பாடம் எப்படி எடுப்பது என்று பயிற்சி கொடுக்க அவளையே கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தை அலமாரிக்குள் வைத்தாள். வெளியே எடுத்து யாரிடமும் காட்டவில்லை. சீட்டுகளை மட்டும் ஆளில்லாத நேரத்தில் சரியாக மாற்றி ஒட்டிவிட்டாள். தள்ளிப்போடுகிற காரியம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கனம் ஏறும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முழுக்க 'ஆணி' என்று பெயர் ஆகிப்போனது. அவள் பையில் கல் வருவது நின்றது. இரண்டு மாதம் கழித்து என் மனைவி அவளைக் கூப்பிட்டு, பெட்டியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். போகிற வழியில் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று கணக்கு. அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேற யாரையாவது கூப்பிடுங்க டீச்சர். நான் ஏதாவது தப்பு பண்ணிடுவேன்" என்றாளாம். அன்று என் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் வகுப்பு முடித்து அந்தப் பெண் வணிகவியல் எடுத்தாள். பிறகு குடும்பமே வேறு பக்கம் குடிபோய்விட்டது என்று கேள்விப்பட்டோம்.

என் மனைவி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் இருந்த பல் மருத்துவமனைக்குப் போனோம். ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, மூலையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் டோக்கன் எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர்! நீங்க கல் டீச்சர்தானே?" என்று எழுந்தே விட்டாள். "என்னைத் தெரியுதா? ஆணி, டீச்சர், ஆணி!"

அவளாகவே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். முப்பத்து மூன்று, நாலு வயதிருக்கும். கல்யாணம் ஆகி ஒரு பையன் படிக்கிறான் என்றாள். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். என் மனைவி நாற்காலியை மேஜை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. அது குவார்ட்ஸ் இல்ல, கால்சைட். பெட்டியில கல் மாறியிருந்துச்சு. நான்தான் தப்பு."

அந்தப் பெண் பேனாவை வைத்தாள். கண் விரிந்தது. "நிஜமாவா டீச்சர்? ஐயோ, நான் வீட்டுல அந்த ஆணியை வச்சு ஒரு வாரம் கிடைச்சதையெல்லாம் கீறிப் பார்த்தேன். என் கைதான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டேன்." மறுபடி சிரித்தாள். "அதுக்கப்புறம் எதுவுமே நான் பார்த்தது சரின்னு தோணாது டீச்சர். நாலு பேர் ஒண்ணு சொன்னா, அவங்க சொல்றதுதான் இருக்கும்னு விட்டுடுவேன். கல்யாணத்துக்கு ஆள் பார்த்தப்போகூட அப்படித்தான் விட்டேன்."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் மனைவியால் சிரிக்க முடியவில்லை.

"சரி விடுங்க டீச்சர். தப்பு யாருக்குத்தான் வராது. இவ்வளவு நாள் கழிச்சு ஞாபகம் வச்சு சொல்றீங்களே, அதுவே பெருசு" என்றாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "உங்களுக்கு எப்போ தெரிஞ்சது டீச்சர்?"

ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்லியிருக்கலாம். பின்னால் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும்மா."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

நான் இடையில் புகுந்து, "தப்பு என் பேர்லம்மா. கல்லை மாத்தி வச்சது நான். சொல்ல வேண்டாம்னு தடுத்ததும் நான்தான்" என்றேன். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். உள்ளேயிருந்து மணி அடித்தது. பேனாவை எடுத்து, "பதினொண்ணு, உள்ள போங்க" என்று குரல் கொடுத்தாள். எங்களுடைய முறை வரும்வரை அவள் எழுதுவதற்கு மேஜையில் நிறைய இருந்தது.

என் பல்லுக்கு இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். இடையில் இருந்த பத்து நாளில் என் மனைவி ஒரு வேலை செய்தாள். அந்த வருஷத்து மாணவர்கள் யார் யார் போன் எண் கிடைக்கிறது என்று ஒருவரிடம் ஒருவராகக் கேட்டு வாங்கினாள். பதினான்கு பேர் கிடைத்தார்கள். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "எட்டாம் கிளாஸ்ல ஒரு பொண்ணை எல்லாரும் ஆணின்னு கூப்பிட்டீங்களே, அவ சொன்னதுதான் சரி. தப்பா சொன்னது நான்" என்று ஒரே பேச்சு. சிலருக்கு ஆணி என்ற பெயர் நினைவிருந்தது, காரணம் நினைவில்லை. ஒருத்தன், "நல்லா இருக்கீங்களா டீச்சர்? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கவலையோடு விசாரித்தான். இன்னொருத்தி, "இப்போ எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்று கேட்டாள். "இப்பவாவது சொல்லணும்ல" என்று என் மனைவி சொன்னது எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

இரண்டாவது முறை போனபோது மேஜையருகே நின்று அந்தப் பதினான்கு பேர் பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு பெயருக்கு மட்டும், "அவ எங்க இருக்கா இப்போ?" என்று கேட்டாள். என் மனைவி ஊர் பெயரைச் சொன்னாள்.

"சரிங்கம்மா. உட்காருங்க, கூப்பிடுறேன்" என்றாள்.

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது, "பார்த்துப் படியில இறங்குங்கம்மா" என்றாள்.

சாலையைக் கடந்து பேருந்துக்கு நின்றோம். என் வாயில் பஞ்சு இருந்தது, பேச முடியாது. வெயிலுக்குப் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என் மனைவி சொன்னாள்:

"டீச்சர்னு கூப்பிடலை, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.