கழுத்தில் பல் தடம்

காலையில் காப்பிக்கு முன்னால் யூனிஸ் ஒரு முட்டையோட்டை இடிப்பாள். உள்தோலை உரித்தெடுத்து, இஞ்சி தட்டுகிற சின்ன உரலில் போட்டு, மாவாகும் வரை. விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள். நறநறவென்றால் இன்னும் நாலு இடி. தூளை ஒரு சோடா மூடியில் கொட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் அடுப்புப் பக்கம் திரும்புவாள்.

லிங்கராஜபுரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் அவள். பல்லி என்றாலே ஒதுங்கிப் போகிறவள். பெட்டி தம்பி ஹெர்பர்ட்டுடையது. அத்திபெலே பாறைகளில் பிடித்த புள்ளிப் பல்லி ஜோடி ஒன்றை அதில் வளர்த்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம் நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை, "பொட்டியைப் பாத்துக்கோக்கா. உன் கிளாஸ் பசங்க மாதிரி கத்தாது" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அன்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு நாலு பூச்சியை உள்ளே போட்டாள். மறுநாள் பார்த்தால் வலைமூடி சரிந்து கிடந்தது. உள்ளே ஒரு பல்லிதான் இருந்தது. வாலடி தடித்தது ஆண் என்று ஹெர்பர்ட் சொல்லியிருந்தான். இருந்தது ஒல்லி வால். கட்டில் அடி, படங்களின் பின்புறம், கூரை எல்லாம் தேடினாள். ஆண் கிடைக்கவில்லை.

"மனசு நோகிற மாதிரி எதுவும் சொல்லாதீங்க, உடம்பு தாங்காது" என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் தம்பியிடம் பொய் சொன்னாள்.

"ஆண் எப்படி இருக்குக்கா?"

"நல்லா தின்னுது."

"பொண்ணு கழுத்துல பல் தடம் இருக்குமே? சேரும்போது ஆண் அங்கதான் கவ்வும். தாடைக்குக் கீழே வெள்ளையாப் புடைச்சிருக்கா பாரு. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேத்துவைக்குது. கோழி முட்டையோடு இடிச்சு வை."

பக்கத்துக் கட்டில் நோயல் போர்வைக்குள்ளிருந்து முனகினான்: "உங்க தம்பிக்கு நெஞ்சுல சளி இல்லக்கா, பல்லிதான். நாள் பூரா இதே பேச்சு."

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி முதலில் வந்தது. "ஆண் எப்படி இருக்கு?" அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் பெண் பல்லி பூச்சியைத் தொடவில்லை. யூனிஸ் முதல் தடவையாக முகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். அது பக்கக் கண்ணாடியில் ஏறி நின்றது. வயிற்றுத் தோலுக்குள் வெள்ளையாக இரண்டு உருண்டைகள். நோயையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது கட்டியாகத்தான் பட்டது. இருந்த ஒன்றும் போகப்போகிறது, இனி எதைச் சொல்லிச் சமாளிப்பது? பார்வையாளர் நேரம்கூட இல்லை. வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போனாள்.

ஹெர்பர்ட் பாதி கேட்டதுமே முகம் மலர்ந்தான். "கழுத்துல தடம்?"

"இருக்குது."

"கட்டி இல்லக்கா. முட்டை."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தம்பி, ஆண் இல்லடா. போயிடுச்சு."

"அப்பாடா" என்றான் அவன். "பாத்துட்டியா..." மேலே ஏதோ சொல்ல வந்தான். இருமல் பிடித்துக்கொண்டது, தலையணையில் ரத்தம். நர்ஸ் ஓடிவந்து, "ஹோகி அம்மா, ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொல்லி அவளை வெளியே தள்ளினாள்.

மறுநாள் விடியும்போது அவன் போய்விட்டான்.

தன் வாய்தான் அவனைக் கொன்றது என்று யூனிஸ் நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குள் கிடந்த பாறைத் துண்டில் பல்லி ஒட்டிவைத்திருந்த இரண்டு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகளுக்கென்று பூச்சி பிடித்தாள், முட்டையோடு இடித்தாள். சர்ச்சில் மட்டும் முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

குணமாகி வெளியே வந்த நோயல் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவளைப் பார்க்க வந்தான். பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆணைத் திரும்பக் கொண்டாரலையா?" என்றான்.

"அதை நான்தான் தொலைச்சேன்."

"நீங்களா? ஹெர்பர்ட் சொல்லலையா? பொண்ணு கழுத்துல பல் தடம் பாத்ததும், இனி இவன் கூட இருந்தா அவளைப் பிச்சுப்புடுவான்னு அவனே கொல்லைச் சுவத்துல விட்டுட்டானே, ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்குக் காலையிலேயே. நீங்க பொட்டியை எட்டிப் பாக்கறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் வாராவாரம் ஆணைப் பத்திக் கேட்டான்."