கேட்காமலே நீட்டிய அட்டை

பாரிஸின் லாச்சப்பலில் நான் வேலை செய்த உணவகத்தில் கோப்பை கழுவியவர் அவர். ஒல்லியானவர், மழை நாளிலும் காலில் சப்பாத்து பளபளக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துப் பல வருடமாகியும் அகதிக் காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் அவரை விடவில்லை. மெட்ரோப் படியில் ஏறும்போதே அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

ஒரு தேர்தல் ஞாயிறு. வெளிநாட்டவரை அனுப்பப்போவதாகச் சொல்லும் கட்சிக்கே வாக்குப் போட்டதாக மெட்ரோவில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, நீங்களும் அகதியா வந்தனீங்கள்தானே?"

"ஓம். ஆனா நான் முறிஞ்சு வேலை செய்தனான். இப்ப வாறவங்கள் றோட்டிலை கூடாரம் அடிச்சுக் கிடக்கிறாங்கள். அவங்களாலை எங்களுக்கும் மரியாதை இல்லை."

"நாளைக்கு உங்களையும் போகச் சொன்னால்?"

"என்னை ஏன் சொல்லப்போறாங்கள்? நான் பிரெஞ்சுக்காரன்."

மெட்ரோவை விட்டு இறங்கி நாங்கள் ஏறிய படியின் மேலே இரண்டு பொலிஸார் நின்றார்கள். யாரையும் மறிக்கவில்லை, தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நேரே போய் அட்டையை நீட்டினார். ஒருவன் வியப்போடு பார்த்துவிட்டு, போகும்படி கையசைத்தான்.

"மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார் இவர்.

நன்றாகக் கேட்டுவிடுவதென்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் அட்டையும் என் கையில் இருந்தது.