பதினாலாவது நிமிடம்

வீட்டில் என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கிழிந்த மேலட்டையைப் பெட்டி ஒட்டும் பழுப்பு நாடாவால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே நீல மையில் நெருக்கமான கையெழுத்து. ஓரத்தில் மற்ற மாணவர்கள் புத்தகத்தின் பக்க எண்ணைக் குறிப்பார்கள். இதில் நிமிடமும் நொடியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "பகுதி 3, 14.20. வாகன விபத்து மனு. காலக்கெடு இல்லை. அவசரம் வேண்டாம்." கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அந்த வரி என்னுடையது. எழுதியவர் வேறு, அவ்வளவுதான்.

திருவள்ளூரைத் தாண்டி ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஊரடங்கின்போது கல்லூரி மூடியிருந்த மாதங்களில் பாடங்களை வீடியோவாக எடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக் கேமராவைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கோ உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. காலர் மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, காலி வகுப்பறையில் ஒற்றை முக்காலி மேல் நிற்கும் போனைப் பார்த்து, பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் தீங்கியல் சட்டம் முழுவதையும் பேசித் தீர்த்தேன். வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்கள் இல்லை, கடைசி பெஞ்சில் சிரிப்பு இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. அந்தக் குறுக்குக் கேள்விதான் ஆசிரியனைக் காப்பாற்றுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வாகன விபத்து இழப்பீடு பற்றிய மூன்றாம் பகுதிதான் அதிகம் பேர் பார்த்தது. அதில் ஒரு இடத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பேன். விபத்தில் ஒருவர் இறந்தால், பிணவறை வாசலிலேயே வக்காலத்துப் படிவத்தோடு தரகர்கள் வந்து நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் கையில் பேனாவைத் திணிப்பார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு எப்போதும் கோபம். "கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மனுவுக்குக் காலக்கெடு கிடையாது. அவசரம் வேண்டாம். துக்கம் ஆறட்டும், நல்ல வக்கீலாகப் பார்த்து நிதானமாகப் போடலாம்" என்று சொன்னேன். சொன்ன அன்று அது சரியான சட்டம். காலக்கெடு விதிக்கும் திருத்தம் ஒன்று நிறைவேறி, நடைமுறைக்கு வராமல் கிடப்பில் கிடந்தது. மாணவர்களை ஏன் குழப்ப வேண்டும் என்று அதை நான் சொல்லவில்லை.

கல்லூரி திறந்த பிறகு முதலாண்டில் சேர்ந்தவர் அந்த அம்மா. வயது முப்பத்தைந்து இருக்கும். வகுப்பே அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். கடம்பத்தூரில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஃபிட்டர். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்குப் பைக்கில் வீட்டுக்கு வருவார். மனைவி வக்கீலாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. "எங்க ஊட்டுக்காரருதான் சார் ஃபாரம் வாங்கியாந்து குடுத்தாரு. நீ படி, இல்லன்னா சோறு கிடையாதுன்ட்டாரு" என்று ஒருமுறை சொன்னார்.

எங்கள் வீடியோக்கள் யாருக்காவது உருப்படியாக உதவின என்றால் அது அவருக்குத்தான். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரயிலிலும் சமையல்கட்டிலும் கேட்டார். புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்டார். நிமிடக் கணக்கோடு நோட்டில் எழுதினார். "சார், ரெண்டாவது வீடியோவுல 9.40ல நீங்க சொன்னதும் புக்குல இருக்கறதும் ஒத்துப்போவல" என்று வந்து நிற்பார். பார்த்தால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். வகுப்பில் என்னை இப்படி மடக்கிய மாணவர்கள் அதிகம் இல்லை. உள்நோக்கம் இல்லாமல் மடக்கியவர் இவர் ஒருவர்தான்.

பிறகு அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். செய்தியைப் பார்த்ததும் கல்லூரியில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், மூன்றாம் பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னா சார், அதத்தான் எல்லாரும் பாக்கறாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நேரத்துல லிஸ்ட்ல ஒண்ணு கொறஞ்சா பிரின்சிபாலு என்னத்தான் புடிப்பாரு. நீங்க புதுசு ஒண்ணு எடுத்துக் குடுங்க, பழச தூக்கிடறேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அரை மணி நேர வேலை. அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. அடுத்த வாரம் விடைத்தாள். அதற்கடுத்த வாரம் என்ன என்று நினைவில்லை, ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதிகம் பேர் பார்க்கும் பாடம் என்னுடையது என்ற பெருமையும் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விதி வந்து ஒரு மாதம் கழித்து, வகுப்பில் மட்டும் ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப்போட்டேன். விதி மாறிவிட்டது, ஆறு மாதம், குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அக்காவின் இடம் அன்று காலியாக இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவருடைய கணவர் வீட்டுக்கு வரும் வழியில், கவரப்பேட்டைக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரியில் அடிபட்டு இறந்திருந்தார். நாங்கள் நான்கு ஆசிரியர்கள் மாலை வாங்கிக்கொண்டு கடம்பத்தூர் போய் வந்தோம். நான் சட்டம் எதுவும் பேசவில்லை. சாவு வீட்டில் அதைப் பேசுவது நாகரிகமில்லை என்று நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவர் கல்லூரிக்குத் திரும்பினார். முன்னைவிடக் குறைவாகப் பேசினார். விபத்து விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. யாராவது வக்கீல் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். விபத்து நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு மதியம், ஆசிரியர் அறைக்கு ஒரு கோப்போடு வந்தார். மனுவை அவரே எழுதியிருந்தார். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, சம்பளச் சீட்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கோத்திருந்தார். "ஸ்டேஷன்ல பேப்பர் வாங்கவே அஞ்சு மாசம் ஆயிட்ச்சு சார். அப்புறம் பரீட்சை. நானே எழுதணும்னுதான் இருந்தேன். தப்பு எதுனா இருந்தா சொல்லுங்க" என்றார்.

படித்துக்கொண்டே போனேன். இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் எனக்கு அவ்வளவு சுத்தமான மனு எழுதிக் காட்டியதில்லை. ஏழாவது பத்தியில், "இம்மனுவைத் தாக்கல் செய்யக் காலவரையறை ஏதுமில்லை" என்று இருந்தது. விபத்து தேதியைத் திரும்பப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன், ஏதோ எண்ணினால் மாதம் குறைந்துவிடும் என்பதுபோல. பிறகு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அவர் கத்தவில்லை. பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து, முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "14.20ல சொல்றீங்க சார்" என்றார். "ஆஸ்பத்திரியில மூணு பேரு ஃபாரத்த வெச்சிக்கினு சுத்திச்சுத்தி வந்தாங்க. எங்க அண்ணன்கூட போடும்மா போடும்மான்னாரு. நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சி. வேணான்னு அனுப்பிட்டேன்" என்றார். அந்தத் தரகர்களில் எவனோ ஒருவனிடம் அவர் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், அவன் பாதியைத் தின்றிருந்தாலும், மனு காலத்துக்குள் போயிருக்கும். இத்தனை வருடம் நான் திட்டிய ஆட்கள் என்னைவிட அவருக்கு உதவியாக இருந்திருப்பார்கள்.

என் நண்பரான வக்கீல் மூலம், தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்தோம். காவல் நிலையத்திலிருந்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க வேண்டிய, மனுவாகவே ஏற்கத்தக்க அறிக்கையும் போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று தீர்ப்பாயத்தில் கேட்டார்கள். நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கினேன். ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார் என்று எந்த நீதிமன்றம் ஏற்கும்? சட்டம் தெரியாது என்பதே காரணம் ஆகாது என்று நானே முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன். மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போய் உட்காருகிறேன். உட்கார்ந்து என்ன பயன் என்று தெரியாமலே உட்காருகிறேன்.

அக்கா அந்த ஆண்டு முடிவில் படிப்பை விட்டார். கம்பெனியில் பகல் ஷிஃப்ட் நிரந்தரமாகக் கொடுத்தார்களாம். குழந்தைகளுக்கு அதுதான் தோது என்றார். நான் கட்டணம் கட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மாற்றுச் சான்றிதழ் வாங்கவந்த அன்று நோட்டை என் மேசையில் வைத்தார். "இதுல எது சரி, எது தப்புன்னு எனக்குத் தெரியல சார். நீங்களே வெச்சிக்கோங்க" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடையில் மாற்றித் தரச் சொல்லி ஒரு பொருளைத் திருப்பி வைப்பதுபோல வைத்துவிட்டுப் போனார்.

குற்றம் இயந்திரத்துடையது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகையில் நேற்று எழுதியதை இன்று காலை யாராவது வந்து அழித்துவிடுகிறார்கள். வீடியோவை அழிக்க நான்தான் போக வேண்டியிருந்தது, போகவில்லை. அக்கா மனுவைக் காட்டிய அன்றே கணினி அறைக்குப் போய், அங்கிருந்தவர் அந்தப் பாடத்தை நீக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது என் பாடங்கள் ஒவ்வொன்றிலும் பேசிய தேதியை முதலில் சொல்கிறேன். பருவத் தொடக்கத்தில் பழையவற்றை ஒருமுறை முழுக்கக் கேட்டுப் பார்க்கிறேன். என் குரலைக் கேட்பது இப்போதெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் வேப்பம்பட்டுக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. சட்டக் கல்லூரி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், இயர்போன் இல்லாமல், ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கல்லூரி இல்லை. நாங்கள் நீக்குவதற்கு முன்பே யாரோ போனில் இறக்கிவைத்து, யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். "காலக்கெடு கிடையாது, அவசரம் வேண்டாம்" என்று நான் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது பழசும்மா. சட்டம் மாறிடுச்சு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல சார், இவரு நல்லா நடத்துவாருன்னு எங்க சீனியரு அனுப்பினாங்க."

"அதுல பேசறது நான்தான்."

திரையையும் என் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு மாதம் என்று சொல்லி, அவள் நோட்டில் எழுதும்வரை இருந்தேன். வேப்பம்பட்டு வந்துவிட்டது. இன்னும் எத்தனை போன்களில் அது இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. தப்பான வரியை அடித்துத் திருத்துவது என் தொழில். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் தாள்களில் செய்திருக்கிறேன். ஆனால் அக்கா எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. நான் சொன்னதைச் சொன்ன நொடியோடு, ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறார். பேனாவை மூடி வைத்தேன்.