லெட்சுமியக்காவின் ரயில் கதவு

போன மாதம் என் மகன் பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்த ஒரு கோப்பிக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். புதுக்கடைதான். ஆனால் பழசு மாதிரி தெரியவேண்டும் என்று யாரோ ரொம்பவும் மெனக்கெட்டிருந்தார்கள். சுவரைச் சுரண்டிச் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் செங்கல் தெரிந்தால் சுண்ணாம்பு அடிக்கக்கூட வக்கில்லாத வீடு என்பார்கள். நாற்காலிகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. நான் உட்கார்ந்தது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அதெல்லாம் டிசைன்பா" என்றான் மகன். இந்த வயதில் டிசைனிலிருந்து விழுந்தால் முறிந்த எலும்பு ஒன்றுகூடாது என்று சுவரோரமாக நகர்ந்தேன்.

அங்கே ஒரு கதவை மாட்டி வைத்திருந்தார்கள். பழைய ரயில்பெட்டிக் கதவு. மேல்பாதியில் கண்ணாடி ஜன்னல், அதை ஏற்றி இறக்க ஒரு தோல்வார். உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாரை இழுத்து விட்டால் கண்ணாடி கதவுக்குள்ளேயே இறங்கிவிடும். வாரில் உள்ள ஓட்டையைப் பித்தளைக் குமிழில் மாட்டினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். வாரைப் பிடித்து மூக்கருகே கொண்டு போனேன். எண்ணெயும் கரியும் வேர்வையும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. கடைப்பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், தொடாதீங்க லா. அது டெக்கரேஷன்."

கையை எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த கதவோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அது இல்லை. எனக்குத் தெரிந்த கதவு என்ன ஆனது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

கிள்ளானுக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரத்தில் எங்கள் கம்பம், அதாவது நாங்கள் குடியிருந்த சிற்றூர், இருந்தது. யாரிடமும் பத்திரம் கிடையாது. அரசாங்க நிலத்தில் அவரவர் கட்டிக்கொண்டதுதான் வீடு. நான் அப்போது மீசை முளைத்த பையன். போர்ட் கிள்ளானில் லோரியில் மூட்டை ஏற்றி இறக்குவேன், அண்ணன் வீட்டில் சாப்பிட்டுப் படுப்பேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எண் மட்டும் படிப்பேன். அது லோரி நம்பர் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு.

எங்கள் கம்பத்தில் ஒரு வீட்டின் சுவரைப் பார்த்தாலே அந்த வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம். வேலை செய்யும் இடத்தில் வேண்டாம் என்று போடுவதைத்தான் கொண்டுவந்து வீடு கட்டுவார்கள். ரோட்டு வேலை செய்கிறவர் வீட்டுக் கூரை தார் டின்னைத் தட்டி நிமிர்த்தியது. வெயில் ஏறினால் உள்ளே ரோடு போடுகிற வாசனை வரும். சினிமாக் கொட்டகையில் வேலை செய்தவர் வீட்டில் பழைய நாற்காலி வரிசை அப்படியே இருந்தது. எழுந்தால் பலகை படார் என்று மடங்கிக்கொள்ளும். விருந்துக்குப் போனால் நாலு பேரும் ஒன்றாகத்தான் உட்காரவேண்டும். அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தார், அதனால் எங்கள் சுவர் கப்பல் பெட்டிப் பலகை. அதில் பெரிய எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு மேலே பார்க்கவேண்டுமாம். யாருக்குத் தெரியும்? கூடத்தில் எல்லா அம்பும் தரையைப் பார்த்தபடி நின்றன. அண்ணி அதன் நடுவில் முருகன் படத்தை மாட்டியிருந்தார்.

இத்தனையிலும் பேர்போனது மணியண்ணன் வீடு. மணியண்ணன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். உடைக்கப் போட்ட பெட்டியிலிருந்து ஒரு கதவை வாங்கிவந்து தன் வீட்டு வாசலுக்கு வைத்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாரை இழுத்துக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, ரயிலில் போகிறவர் மாதிரி நிற்பார். தண்ணிக் குடத்தோடு போகும் பொம்பளைகளைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க, வண்டி கெளம்பப் போவுது!" என்பார். ரொட்டி விற்கிற பாய் மோட்டார் சைக்கிளில் வந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் ரொட்டியைக் கொடுப்பார். உள்ளேயிருந்து வளையல் போட்ட கை ஒன்று வாங்கிக்கொள்ளும். அது அவருடைய மனைவி லெட்சுமியக்கா. பிள்ளை இல்லை. கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கதவின் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தால் தெரியும்.

அந்த வீட்டுக்கு இன்னொரு கதவும் இருந்தது. மணியண்ணனின் தம்பி கோவிந்தன் கல்யாணம் முடித்து வந்தபோது, அவனுக்காக அதே கூரையின் கீழ் இன்னொரு பாதியைக் கட்டிக் கொடுத்தார். அதற்குச் சாதாரணப் பலகைக் கதவு. கோவிந்தனின் பெண்டாட்டி ராசம்மாவுக்கு அது பொறுக்கவே இல்லை. "நாங்க மட்டும் கூட்ஸ் வண்டியா?" என்று கேட்பாள். ஊர் சிரிக்கும், அவள் சிரிக்கமாட்டாள்.

மணியண்ணன் ஒருநாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கம்பத்தை உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. ஆபீஸ்காரர்கள் வந்து வீடுகளுக்குச் சிவப்புப் பெயிண்டில் எண் போடுவார்கள். எண் விழுந்த வீட்டுக்கு மாடியில் ஒரு ப்ளாட். எண் விழாதவர்கள் மூட்டையைத் தூக்கவேண்டியதுதான்.

எதைப் பார்த்து எண் போடுவார்கள் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கூரைக்கு ஒரு வீடுதான் என்றது ஒரு கட்சி. கதவை எண்ணுவார்கள் என்றது இன்னொன்று. அண்ணன் கதவுக் கட்சி. அந்த வாரம் எங்கள் வரிசையில் கதவு இல்லாத இடத்திலெல்லாம் கதவு முளைத்தது. குளியலறைக்குக் கதவு, விறகுக் கொட்டகைக்குக் கதவு. சினிமாக் கொட்டகைக்காரர் ஒரு நாற்காலிப் பலகையையே கீல் போட்டு மாட்டினார், குனிந்துதான் நுழையவேண்டும். அண்ணன் எங்கள் கோழிக்கூட்டைக் கழுவிவிட்டு, பாய் போட்டு, ஒரு அடுப்பும் காலண்டரும் வைத்தார். பூச்சோங்கில் இருந்த அண்ணியின் அம்மா அங்கே தனியாகக் குடியிருப்பதாகக் கதை. எல்லாம் தயார், கதவுதான் கிடைக்கவில்லை. கம்பம் முழுக்க ஒரு பலகை மிச்சமில்லை.

கோவிந்தன் கூரைக் கட்சி. கள்ளுக்கடையில் எவனோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒரு கூரைக்கு ஒரு ப்ளாட் என்றால், கட்டினவரின் விதவைக்குத்தானே எழுதுவார்கள்? அந்தப் பயம் அவனுக்கு.

இந்த நேரத்தில் மணியண்ணனுக்கு முதல் வருஷத் திதி வந்தது. கடலோரத்தில் கொடுக்கவேண்டும். லெட்சுமியக்கா தயங்கினார்.

"இன்னிக்கு ஆபீஸ்காரங்க வந்துட்டா என்னம்மா செய்றது?"

"அடுத்த வாரந்தான்க்கா வர்றாங்களாம், அவரு நல்லா விசாரிச்சிட்டாரு" என்றாள் ராசம்மா. "செத்தவருக்கு நாள் தள்ளக்கூடாது. நீங்க போய்ட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்க மாட்டேனா?"

கூடப்பிறந்த தம்பி வந்து உட்காரவேண்டும். கோவிந்தனுக்கு அன்றைக்குப் பார்த்துக் கால்வலி. அதனால் என் அண்ணியும் நானும் பஸ் ஏறி லெட்சுமியக்காவோடு போர்ட் கிள்ளானுக்குப் போனோம். எனக்கும் மணியண்ணனுக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் இல்லை. பூசாரி, "ஆம்பள யாராச்சும் உக்காருங்கப்பா" என்றார், உட்கார்ந்தேன். அவர் சொன்ன மந்திரத்தை அரைகுறையாகத் திருப்பிச் சொல்லி, பிண்டத்தைத் தண்ணீரில் விட்டேன். அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. "அவருக்கு வீட்டை விட்டுப் போக மனசில்ல" என்று லெட்சுமியக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

திரும்பி வந்தபோது கோவிந்தன் வீட்டுப் பலகைக் கதவில் சிவப்பு எண் இருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதற்கு அந்தப் பக்கம், லெட்சுமியக்காவின் பாதியில், வாசலே இல்லை. கதவு இருந்த இடத்தில் தகரம் அடித்து, உள்ளே அலமாரியைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். லெட்சுமியக்காவின் பாத்திரங்கள் ராசம்மாவின் அடுப்பங்கரையில் குவிந்து கிடந்தன. ஒரே கூரை, ஒரே கதவு, ஒரே குடும்பம்.

அக்கா ஈரச்சேலையோடு தெருவில் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். எங்கள் கோழிக்கூட்டின் முன்னால் நின்றார்.

தேய்த்த பித்தளைக் குமிழ், தோல்வார், கண்ணாடி ஜன்னல். அதன் மேல் இன்னொரு சிவப்பு எண்.

"இது என் கதவுல்ல?"

அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "கோவிந்தன் வேணாம்னு கழட்டிப் போட்டான் லெட்சுமி. வெறகாப் போறத எடுத்து மாட்டினேன். நல்ல கதவு."

கோவிந்தன் வந்தான். கால்வலி சரியாகியிருந்தது. "எதுக்கு அண்ணி சத்தம் போடுறீங்க? ரெண்டு கதவு இருந்தா ஒருத்தருக்கும் இல்லாம போயிடும்லா. நீங்க எங்ககூடத்தானே இருக்கப் போறீங்க? நாங்க என்ன விட்டுடுவோமா?"

அவன் நினைத்தது தப்பு. வந்தவர்கள் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, கதவைத்தான் எண்ணினார்களாம். அந்தக் கதவு இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் ஒரே கூரைக்கு இரண்டு எண் விழுந்திருக்கும். தனக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காமலே அவன் அதைச் செய்து முடித்திருந்தான்.

"நான் நாளைக்கு ஆபீஸுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார் லெட்சுமியக்கா.

அதுவரை வேடிக்கை பார்த்த வரிசை அப்போதுதான் வாயைத் திறந்தது. அவர் போய்ச் சொன்னால் ஆபீஸ்காரர்கள் திரும்பி வருவார்கள். வந்தால் எல்லாக் கதவையும் திறந்து பார்ப்பார்கள்.

"உன் ஒருத்திக்காக நாங்கெல்லாம் நடுத்தெருவுல நிக்கணுமா?"

"புள்ளையா குட்டியா உனக்கு? ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஒரு ப்ளாட்?"

"தனிக் கதவு கேக்குதா? யாரு வர்றதுக்கு?" இது ராசம்மா. சிரித்தார்கள். திதிக்குக் கூட வந்த என் அண்ணியும் சிரித்தார். கதவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். கம்பத்துப் பொம்பளைகள் இரண்டு பேர் போய் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. வெயில் ஏறியதும் கையைப் பிடித்து, மெதுவாக, பொறுப்பாக, நோயாளியைக் கூட்டி வருவது போல வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதோடு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உடைக்கிற அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். எங்கள் கோழிக்கூட்டுக்கு மண்வாரி இயந்திரம் ஒரு இடிதான் கொடுத்தது. கண்ணாடி முதலில் போனது. சங்கிலிச் சக்கரம் கதவின் மேல் ஏறி இறங்கியது. தார்க்கூரைக்காரர் ஓடிப்போய்ப் பித்தளையைப் பொறுக்கினார்.

கோவிந்தன் தன் ப்ளாட்டில் லெட்சுமியக்காவுக்குப் பால்கனியில் இடம் கொடுத்தான். மழைச்சாரல் அடிக்கும். சில மாதத்தில் ராசம்மாவின் தங்கை குடும்பம் வந்தது, பால்கனியும் வேண்டியிருந்தது. அக்கா ஒரு துணிமூட்டையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை என் அண்ணி பார்த்தார். எங்கள் கோழிக்கூட்டுக்குக் கிடைத்த ப்ளாட் மேல்மாடியில் பூட்டிக் கிடந்தது. அண்ணியின் அம்மா பூச்சோங்கை விட்டு வரவே இல்லை.

"சும்மாதானே கெடக்குது, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அண்ணன்.

லெட்சுமியக்கா அங்கே குடிபோனார். வாடகைக்குப் பதிலாகத் தினமும் காலையில் கீழே இறங்கி வந்து அண்ணன் வீட்டுத் துணி துவைத்து, மீன் ஆய்ந்து, தரை துடைத்துவிட்டு மேலே போவார். வருஷக்கணக்காக இதுதான். அந்த ப்ளாட் எப்படிக் கிடைத்தது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. தீபாவளிக்கு அண்ணி ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார். அக்கா அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

அண்ணன் இறந்தபோது நல்ல கூட்டம். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து பேசினார். "ஆதரவில்லாத ஒரு பொம்பளைக்கு வீடு குடுத்த மனுசன்யா இவரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?" எல்லாரும் லெட்சுமியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"சொல்லு லெட்சுமி" என்றார் அண்ணி. "எப்படி வச்சிருந்தாரு ஒன்ன?"

"சாமி மாதிரிம்மா" என்றார் அக்கா. "சாமி."

"சரி சரி, எந்திரி. வந்தவங்களுக்குக் கோப்பி குடு."

கருமாதி முடிந்ததும் அண்ணன் மகன் அந்த ப்ளாட்டை விற்றுவிட்டான். லெட்சுமியக்காவைக் கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ரொம்ப நாள் இருக்கவில்லை.

கம்பம் இருந்த இடத்தில் இப்போது கப்பல் கொள்கலன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, மாடி வீடு மாதிரி. தார்க்கூரைக்காரர் இல்லை, ராசம்மா இல்லை, கோவிந்தன் இல்லை. யார் எதைக் கழற்றி எதில் மாட்டினார்கள் என்று தெரிந்தவர்களில் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

சென்ற வருஷம் அண்ணன் பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாத்தாவைப் பற்றி மைக்கில் இரண்டு வார்த்தை சொன்னார்கள். வீடில்லாதவர்களுக்கெல்லாம் வீடு கொடுத்தவராம். ஒருத்தி இப்போது பலபேர் ஆகியிருந்தாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.