பாதிக் கிணறு

கோட்டைக்குள் எங்கள் அக்ரகாரத்தில் எல்லா வீடும் ஒரே அகலம். பக்கச் சுவர் பொது. வாசலில் நின்றால் கொல்லை வரை நேராகத் தெரியும். ஆர்க்கிடெக்சர் படிக்கப் போன பிறகுதான் இதையெல்லாம் கவனித்தேன். கவனித்ததும் அகப்பட்டவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதில் எனக்கு உயிர், கிணறு. இரண்டு வீட்டுக்கு ஒன்று. கொல்லைச் சுவர் அதன் வாயை நடுவில் கடந்துபோகும். பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டு மாமிக்கு.

வாளிகள் மோதாமலிருக்க, இறக்குமுன் குரல் கொடுப்பது வழக்கம்.

“எறக்கறேன் மாமி.”

“எறக்கிக்கோடி, என் வாளி மேலதான் இருக்கு. இன்னிக்கு காலேஜ் இல்லியா, இல்ல கட்டா?”

குனிந்தால் தண்ணீரில் மாமியின் மூக்குத்தி தெரியும்.

மாமி வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு, மகளிடம் போனாள். போகும்போது கேட்டது ஒன்றுதான்: “கெணத்தத் தூர்க்க விட்டுடாதே.”

வாங்கியவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக் கடை வைத்திருப்பவர். கிணறு இருக்குமிடத்தில் பாத்ரூம் கட்டுவதாக இருந்தார். என் வரைபடங்களை விரித்து மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கொள்ளாமே, நல்லாருக்கே. இத மண்ணு போட்டு மூடுகது பாவமாக்கும், கேட்டியா.”

மூடவில்லை. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினார். தன் பாதிக்குத் தடித்த கண்ணாடி போட்டு, அடியில் விளக்கு வைத்தார். நான் சொன்னதையெல்லாம் அழகாக எழுதிப் பலகையில் மாட்டினார். பிறகு ஒருநாள் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

“மக்கா, கெஸ்ட் இருக்கப்ப மட்டும் வாளிய எறக்கித் தண்ணி கோராத. கலங்குனா போட்டோ நல்லா விழாது.”

“அதான் பைப் இருக்கே” என்று எங்கள் வீட்டிலும் இறைப்பதை விட்டுவிட்டார்கள். யாரிடம் கோபப்படுவது? காப்பாற்றத்தான் கேட்டேன், காப்பாற்றிவிட்டார். கிணறு புழக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.

போன வாரம் மாமி போன் செய்தாள்.

“கெணறு இருக்கோன்னோ?”

“இருக்கு மாமி.”

“ஒரு வாளி எறக்கேன். சத்தம் கேக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் விளக்கு அசையாமல் கிடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

“எறக்கறேன் மாமி.”

“எறக்கிக்கோடி, என் வாளி மேலதான்…” பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

கயிற்றை விட்டேன்.