ஒட்டிய டப்பாவுக்குள் வந்த துண்டு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் அந்த டப்பாவை ஒட்டியது என் கைதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. தைக்க வரும் தோல் துண்டுகளைக் கட்டுக்கட்டாக எண்ணி, பழுது பார்த்து, லைனுக்கு அனுப்ப வேண்டும். மாடல் பார்க்க ஜெர்மனியிலிருந்து மார்த்தா என்ற அம்மாள் வந்திருந்தார். அவருக்கு ஒரு விளையாட்டு. மலைப்பாதையில் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, கையடக்கக் கருவியில் அந்த இடத்தின் எண்ணைக் குறித்து, கம்ப்யூட்டரில் போட்டுவிடுவார். முன்பின் தெரியாத யாரோ தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். துணைக்கு யார் என்று கேட்டபோது மேனேஜர் என்னைக் காட்டினார்.

"நீதான் வாயே தெறக்க மாட்டே. நீயே போம்மா."

பக்கத்து மேஜை மும்தாஜ் விடுவாளா? "இன்னா ஸ்டெல்லா, டப்பா பொதைக்கப் போறியாமே! அப்படியே ஜெர்மனிக்குப் போய்ட்டா எங்கள மறந்துடாதடீ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மதியம் புது மனைகளுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறினோம். டப்பாக்களில் நோட்டு, பென்சில், சாவிக்கொத்து எல்லாம் அடுக்கியது நான்தான். நான்காவதை ஒரு பாறை இடுக்கில் வைத்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் இறங்கிவிடுமே என்று, என் பையில் கிடந்த, ஷூவுக்கு அடி ஒட்டுகிற சொல்யூஷனை எடுத்து மூடியிலும் விளிம்பிலும் தடவி, கொஞ்சம் காயவிட்டு, அழுத்தி ஒட்டினேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மார்த்தா அப்போது கருவியோடு முன்னே போய்விட்டிருந்தார்.

அடிவாரத்துக்கு வந்ததும் கையால் ஜாடை காட்டிச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஸ்டெல்லா, நோ ஓப்பன்!" என்றார். திறக்கவே முடியாத டப்பாவை யார் தேடுவார்கள்? எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்ப ஏறினோம். வழியில் ஒரு ஆளும் இல்லை.

ஒட்டு அப்படியே இருந்தது. நூல் வெட்டும் கத்தரியால் சுற்றிலும் கீறித்தான் திறந்தேன். நோட்டின் மேல் ஒரு தோல் துண்டு கிடந்தது. கரும்பச்சை, இடது கால் ஷூவின் முன்பாகம். நான் வைக்கவில்லை. மார்த்தா டப்பாவைத் தொடவே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். வெட்டுகிறவர்கள் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வெள்ளிநிறப் பேனாவால் சைஸும் தங்கள் நம்பரும் எழுதுவார்கள். அதில் 38 என்றும், கீழே 14 என்றும் இருந்தது. நாலுக்குள் ஒரு புள்ளி.

இதே கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் டேனியலின் நம்பர் பதினாலு. இரண்டாவது ஷிப்டிலும் ஒரு பதினாலு இருந்ததால் தன் வெட்டு தெரிய அவன் மட்டும் புள்ளி வைப்பான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜோலார்பேட்டையில் அவன் ரயில் ஏறிப் போய் அன்றைக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு கடுதாசி கிடையாது. தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள், "டேனியலப் பத்தி எதுனா தெரிஞ்சுதா?"

மறுநாள் மும்தாஜிடம் காட்டினேன். "அந்தக் காலத்துல வெட்டின வேஸ்ட்டா இருக்கும், பேஜார் பண்ணிக்காத," என்றாள். பிறகு அவளே துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாடல் நம்மகிட்ட வந்ததே இல்லியேடீ."

மார்த்தாவும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், தெரியாது என்று. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குன்றே கதி என்று போய் உட்கார்ந்துவிடுவாள். துண்டை என் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு புது மாடல் லைனுக்கு வந்தது. கரும்பச்சை. அதை வெட்டும் அச்சே அந்த வாரம்தான் புதிதாகச் செய்யப்பட்டு வந்திருந்தது. முதல் கட்டை என் மேஜையில்தான் பிரித்தார்கள். பன்னிரண்டு ஜோடி, சைஸ் 38. வலது பன்னிரண்டு. இடது பதினொன்று. மூன்று தடவை எண்ணினேன்.

பின்னால் எல்லாவற்றிலும் 14. புள்ளி எதிலும் இல்லை. இப்போது அந்த நம்பரில் இருந்தவர் மேஜைக்கே வந்து கோபப்பட்டார். "எண்ணித்தாம்மா அனுப்பினேன். பன்னெண்டு. என் புள்ளைங்க மேல சத்தியம்."

அவர் போனதும் பையிலிருந்த துண்டை எடுத்து அந்தப் பதினொன்றின் மேல் வைத்தேன். ஓரம், வெட்டுக்குறி எதிலும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"கெடச்சுதாம்மா?" என்று சூப்பர்வைசர் அங்கிருந்தே கத்தினார்.

"இல்ல சார்," என்றேன். துண்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஏதோ வேலை போல வெட்டும் பிரிவுக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் தெரிந்த முகங்கள்தான்.

அன்று சாயங்காலமும் அம்மா கேட்டாள். அண்ணன் எப்போதோ வந்துவிட்டுப் போய்விட்டானா, இனிமேல்தான் வரப்போகிறானா, எதைச் சொல்வது? "இல்லம்மா," என்றேன். அன்றைக்கு மட்டும் அம்மா உள்ளே போகவில்லை. என் கைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.